ராக்குக்கும் மெட்டலுக்கும் ஒரே ஆம்ப்: காட்பாடிப் பட்டறையிலிருந்து சில குறிப்புகள்

காட்பாடியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருக்கிறது. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் என்று எரிந்துபோன எதையும் கொண்டுவந்து இறக்குவார்கள். பட்டறையின் பின்சுவரில் எலெக்ட்ரிக் கிதார் தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பையன்கள் சிலர் மோட்டாரே இல்லாமலும் வருவதுண்டு. கிதாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்பைப் பற்றி, ராக்கும் அதைவிடக் கனத்த மெட்டல் இசையும் பழகும் அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "அண்ணா, பழைய ராக்கும் வரவேண்டும், மெட்டலும் வரவேண்டும். ஒரே ஆம்பில். எதை வாங்கலாம்?"

நான் உடனே பிராண்டு பெயர் சொல்வதில்லை. "எங்கே வாசிக்கப் போகிறாய் தம்பி? வீட்டிலா, ஹாஸ்டலிலா, டிரம்ஸுக்குப் பக்கத்திலா?" என்று திருப்பிக் கேட்பேன். பையனின் முகம் வாடிவிடும். மார்ஷல் என்றோ மெசா பூகி என்றோ ஒரு பெயரை எதிர்பார்த்து வந்தவன் அவன். ஆனால் எத்தனை வகை ஒலிகள் உள்ளே இருக்கின்றன என்பது இரண்டாவது கணக்கு. நாம் உண்மையில் வாசிக்கப்போகும் சத்த அளவில் அந்த ஆம்ப் நன்றாக ஒலிக்கிறதா என்பதுதான் முதல் கணக்கு. இந்த வரிசை மாறினால் பணம் போய்விடும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். ராணிப்பேட்டைப் பக்கம் காலியாகக் கிடக்கும் ஒரு தோல் குடோனில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுவோம். பாஸ் கிதார் வாசிக்கும் தம்பி காலையில் சர்ச்சில் ஆராதனைக்கு வாசித்துவிட்டு, வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக இங்கே வந்துவிடுவான். வேலூர்ப் பக்கம் கிதார் பிடித்தவர்கள் பலருக்கு முதல் மேடை சர்ச்தான். அதனால் சுத்தமான ஒலி எப்படி இருக்கவேண்டும் என்பது சின்ன வயதிலேயே காதில் பதிந்துவிடுகிறது. உறுமும் ஒலிதான் பிற்பாடு பெங்களூரிலிருந்து வந்து சேர்கிறது. 2011 அக்டோபர் 30 அன்று பேலஸ் மைதானத்தில் மெட்டல் குழுவான மெட்டாலிகா வாசித்தபோது, காட்பாடியிலிருந்து ரயிலேறிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். திரும்பி வரும்போது பாட்டைப் பற்றிப் பேசியதைவிட மேடையில் இருந்த பெட்டிகளைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

ஒரே ஆம்பில் எல்லாம் வேண்டும் என்பவர், தான் கேட்கும் ஒலிகள் எப்படிப் பிறந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1962இல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை அடியொற்றி ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். அதன் வழியில் வந்த பெரிய மார்ஷல்களில்தான் ஏசி/டிசி போன்ற ராக் குழுக்களின் ஒலி பிறந்தது. கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அதில் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை முன்கூட்டியே ஏற்றும் அளவு, குறைவு. ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடிக் குழாய்களான பவர் வால்வுகளே திணறும் அளவுக்கு வால்யூமை ஏற்றியதால் வந்த கரகரப்பு அது. பர்மிங்காமில் பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி, அதே ஊர் லேனி ஆம்புக்கு முன்னால் உயர்நாதத்தை ஏற்றும் ஒரு ட்ரெபிள் பூஸ்டரை வைத்து வாசித்தார். 1986இல் வந்த மெட்டாலிகா ஆல்பத்தின் இறுக்கமான ஒலி மெசா பூகி மார்க் வரிசை ஆம்பில் பிறந்தது. அங்கே கரகரப்பு பவர் வால்வில் அல்ல, முன்னாலிருக்கும் ப்ரீஆம்ப் பகுதியிலேயே அடுக்கடுக்காக உருவாகிறது. 1992இல் கிதார்க்காரர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி வெளியிட்ட 5150 ஆம்பை, ராக் ஆட்களைவிட மெட்டல் ஆட்கள்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கிவைத்த பெயர் பான்டெராவின் டைம்பேக் டேரல். 1990களின் மிகக் கனமான கிதார் ஒலிகளில் ஒன்று அவருடையது. அதற்கு அவர் பயன்படுத்தியது ராண்டல் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்கள். வால்வு இல்லாமல் மெட்டல் இல்லை என்று சத்தியம் செய்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சுத்தமான ஒலிக்கும் இதே கதைதான். 1975இல் வந்த ரோலண்டு ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டர். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே தம் சுத்தமான ஒலிக்கு அதை வைத்திருந்தவர்.

ஆகவே ஒரு ஆம்ப் செய்யவேண்டிய வேலை மூன்று. சுத்தமான ஒலி, சத்தத்தை ஏற்றினாலும் சுத்தமாகவே நிற்கவேண்டும். நடுத்தரக் கரகரப்பு, கிதாரின் வால்யூமைத் திருகினால் அதற்கேற்பக் குறையவும் கூடவும் வேண்டும். கனத்த கெயினில், உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி பாம் மியூட் அடிக்கும்போது அடிநாதம் குழம்பாமல் இறுக்கமாக விழவேண்டும். கடைக்குப் போகும் எல்லோரும் மூன்றாவதைத்தான் சோதிக்கிறார்கள். என் காதுக்கு இரண்டாவதுதான் ஆம்பின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது. கனத்த கெயினை மலிவான ஆம்பும் ஒருமாதிரி கொடுத்துவிடும். மெல்ல அடித்தால் தெளிவாகவும் ஓங்கி அடித்தால் கரகரப்பாகவும் மாறும் அந்த நடுநிலைதான் அரிது. அது இருக்கிற ஆம்புக்கு முன்னால் காலால் அழுத்தும் ஒரு கரகரப்புப் பெடலை வைத்து மெட்டலுக்குப் போய்விடலாம். மெட்டலுக்கென்றே செய்த ஆம்பிலிருந்து நடுநிலைக்கு இறங்கிவருவது அவ்வளவு எளிதல்ல.

இனி வாட். 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பைவிட இரு மடங்கு சத்தமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். வாட் இரு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல்தான். பக்கத்தில் நின்று கேட்டால் "கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காகவேண்டும். அதற்கு நெருக்கமான ஏற்றத்தை ஸ்பீக்கரை மாற்றியும் வாங்கலாம். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு 98 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள், வின்டேஜ் 30க்கு 100. ஒரே ஆம்பில் இரண்டையும் மாற்றிப் பொருத்திப் பார்த்தால், சத்தத்தில் மட்டுமல்ல, ஒலியின் குணத்திலேயே வேறுபாடு தெரியும். ஆம்ப் வாங்குகிறவர்கள் முன்பலகையில் உள்ள குமிழ்களை எண்ணுகிறார்கள். துணிக்குப் பின்னால் என்ன ஸ்பீக்கர், எத்தனை அங்குலம் என்று குனிந்து பார்ப்பவர் குறைவு. 6, 8 அங்குல ஸ்பீக்கர் அறைக்குள் போதும். டிரம்ஸோடு வாசிக்க 12 அங்குலத்துக்குக் கீழே நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

எங்கள் குடோனுக்கு ஒரு முறை, ஆர்க்காட்டிலிருந்து வந்த ஒரு பையன் புதிதாக வாங்கிய சிறிய ஆம்பைக் கொண்டுவந்தான். எட்டு அங்குல ஸ்பீக்கர். உள்ளே ஏகப்பட்ட ஆம்ப் மாதிரிகள், ஏகப்பட்ட எஃபெக்ட்கள். டிரம்மர் வருவதற்கு முன்பு அவன் தனியாக வாசித்தபோது எல்லோரும் மயங்கிப்போனோம். டிரம்மர் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தக் கிதாரைக் காணவில்லை. விரல்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு எதுவும் வரவில்லை. ஆம்ப் கெட்ட ஆம்ப் அல்ல. அது படுக்கையறைக்குச் செய்யப்பட்டது. அங்கே இன்றும் அவன் அதில்தான் பயிற்சி செய்கிறான், நன்றாகவே ஒலிக்கிறது.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. எங்கள் இரண்டாவது கிதார்க்காரனிடம் ஒரு வால்வு ஆம்ப் இருக்கிறது. குடோனில் அதைத் திறந்துவிட்டால் எனக்கே கை கூப்பத் தோன்றும். சத்துவாச்சாரியில் அவன் வீட்டு மாடியில், கீழே அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில், அதன் வால்யூம் குமிழ் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலேயே தவிக்கும். அந்த நிலையில் பவர் வால்வுகளுக்கு வேலையே இல்லை, ஒலி மெலிந்து போகும். வீட்டில்தான் அதிக நேரம் வாசிக்கிறோம் என்றால், வால்வுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும்.

அந்த வால்வு ஆம்ப் வந்த கதையில் மின்சாரப் பாடம் ஒன்று இருப்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இது என் தொழில். அவனுடைய மாமா அமெரிக்காவிலிருந்து வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளக்கில் செருகுவதற்கு முன் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டான், புத்திசாலி. பின்பலகையில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் வேறுபாட்டை எல்லோரும் கவனிப்பார்கள், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியாகிவிடும். ஹெர்ட்ஸை யாரும் கவனிப்பதில்லை. 60 ஹெர்ட்ஸுக்கென்று கணக்குப் போட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அதன் இரும்புக் கோர் தாங்கவேண்டிய காந்தப்புலம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், சூடேறும், உறுமும். 50/60 என்று இரண்டும் எழுதியிருந்தால் கவலை இல்லை. வெறும் 60 என்றிருந்தால் கொஞ்சம் இறக்கிக் கொடுப்பது நல்லது. நான் அவனுக்கு 120க்குப் பதில் 112 வோல்ட் வரும்படி 500 விஏ அளவில் ஒன்று சுற்றிக்கொடுத்தேன். அந்த இறக்கத்தில் வால்வுகளின் ஹீட்டருக்குப் போகும் வோல்ட்டும் குறையும், ஆனால் பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள்தான் இருக்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்திய பிறகு, ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறையைத் தொட்டுப் பார்த்தோம். கை வைக்க முடிந்தது.

கடைகளில் கிடைக்கும் மலிவான ஸ்டெப்-டவுன்கள் பல ஒரே சுற்றில் நடுவில் கிளை எடுத்தவை; அமெரிக்கத் தட்டைப் பின் செருகும் துளையில் எர்த் இருக்காது. அப்படிப்பட்டதில் கிதார் ஆம்பைச் செருகவே கூடாது. இரண்டு தனித்தனிச் சுற்று உள்ளதாகவும், எர்த் கம்பி ஆம்பின் உடல்வரை தொடர்வதாகவும் இருக்கவேண்டும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கிதாரின் கம்பிகள் ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கிதாரைப் பிடித்தபடி, வேறொரு இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மைக்கில் உதட்டை வைத்துப் பாடினால் சுருக்கென்று அடிக்கும். சில நேரம் சுருக்கோடு நிற்காது.

எர்த் என்றதும் இன்னொன்று. வேலூர் வெயிலைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அக்னி நட்சத்திரம் வந்தால் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்ட மண் வறண்டு கல்லாகிவிடும், எர்த் பலவீனப்படும். எங்கள் குடோனில் மே மாதம் ஆம்ப்களின் இரைச்சல் கூடுவது வழக்கம். குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் அடங்கிவிடும். இதைப் பெடல் கோளாறு என்று நினைத்து இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடல் வாங்கப் புறப்பட்டவரை நாங்களே தடுத்திருக்கிறோம். இரைச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு: குமிழ் திருகும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி விளக்கு, சைன் வேவ் அல்லாத பழைய இன்வெர்ட்டர். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒற்றைக் காயிலாக உள்ள சிங்கிள் காயில் கிதார் இவை எல்லாவற்றையும் வாரி இழுத்துக்கொள்ளும். 1950களில் கிப்சன் நிறுவனத்துக்காக செத் லவர் இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கரை உருவாக்கியதே இந்த உறுமலைத் தவிர்க்கத்தான். மெட்டலுக்கு எல்லோரும் ஹம்பக்கர் கிதாரை எடுப்பதற்கு அது ஒரு காரணம். கெயினை ஏற்ற ஏற்ற, கிதாரோடு சேர்ந்து இந்த இரைச்சலும்தான் பெருகும்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள். வெளியூரிலிருந்து ஒருவர் அப்படி ஓட்டி எரித்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று என்னிடம் வந்தது. மோட்டார் காயிலைக் கட்டுவது வேறு, அதைக் கட்டுவது வேறு. மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அடுக்கு மாற்றி அடுக்காகச் சுற்றவேண்டும், ஒரு அடுக்கு தவறினாலும் ஒலி கெட்டுவிடும். மேலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். பின்பலகையைத் திறந்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

ஆம்பைச் சோதிக்க நாங்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போகிறோம். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால், கடை திறக்கும் நேரத்துக்கு அண்ணா சாலையில் இருக்கலாம். 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அங்கேதான் இருக்கிறது. இன்னும் சில கடைகளும் இருக்கின்றன. சொந்தக் கிதாரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கடையில் இருக்கும் விலையுயர்ந்த கிதாரில் எந்த ஆம்பும் அழகாகத்தான் ஒலிக்கும். ஆம்பில் எக்கோ, ரிவெர்ப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்குவேன். முதலில் சுத்தமான ஒலியில், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிக்கும் ஒரு முழுக் கார்டு. பிறகு கெயினைப் பாதிக்கு ஏற்றி அதே கார்டு. கரகரப்புக்குள்ளே ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கிறதா என்று பார்ப்பேன். அங்கேயே கிதாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்குவேன். ஒலி தெளிந்தால் நல்ல ஆம்ப், வெறுமனே சத்தம் மட்டும் குறைந்தால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். அதன் பிறகுதான் கனத்த கெயின், கீழ்க் கம்பியில் வேகமான பாம் மியூட். கடைசியாகக் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு நிமிடம் டிரம்ஸ் சத்தத்துக்கு ஏற்றச் சொல்வேன். தயங்குவார்கள். "வாங்குகிற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன் சார்" என்றால் விடுவார்கள்.

சோதிக்கும்போது ஆம்புக்கு நேர் முன்னே காலடியில் நிற்கக்கூடாது. ஸ்பீக்கரின் கூர்மையான உயர்நாதம் கற்றையாக நேராகப் போவது; முழங்கால் உயரத்தில் இருக்கும் ஆம்பின் உண்மையான ஒலி நின்றுகொண்டிருப்பவரின் காதுக்கு எட்டுவதில்லை. காது உயரத்துக்கு ஆம்பைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், அல்லது நான்கடி தள்ளிக் குந்துங்கள். வீட்டில் இதமாக ஒலித்த ஆம்ப் மேடையில் முன்வரிசையில் இருப்பவர்களின் காதைக் கிழிப்பதற்கு இதுதான் காரணம்.

மெட்டல் வாசிக்கும் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சண்டை போடும் விஷயம் மிட் குமிழ். பாஸை ஏற்றி, ட்ரெபிளை ஏற்றி, மிட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் தனியாக வாசிக்கும்போது மலை மாதிரி இருக்கும். குழுவில் அந்த மலை காணாமல் போகும். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, பாஸ் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில். கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே பாஸ் கிதாரும் கிக் டிரம்மும் உட்கார்ந்திருக்கின்றன, மேல்பகுதியைச் சிம்பல்கள் எடுத்துக்கொள்கின்றன. கிதாருக்கு மிச்சம் இருப்பது நடுப்பகுதிதான். அதையும் நீங்களே வெட்டி எறிந்துவிட்டால் எங்கே போய் நிற்பீர்கள்? "உன் பாஸ் குமிழைக் குறைத்தால் என் வேலையை நான் பார்ப்பேன் அண்ணா" என்று எங்கள் பாஸ் தம்பி என்னிடமே சொல்வான், அவன் சொல்வது சரி. ஆம்ப் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். மிட் குமிழைத் திருகினால் ஒலியில் உண்மையான மாற்றம் வருகிறதா? வெறும் "டோன்" என்று ஒரே ஒரு குமிழ் உள்ள சின்ன ஆம்ப்களில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

கெயினும் அப்படித்தான். பதிவுகளில் கேட்கும் அந்தக் கனம், திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கான ஒரே ரிஃபை இரண்டு, நான்கு முறை வாசித்து அடுக்கியதால் வருவது. ஒற்றைக் கிதாரில் அந்தக் கனத்தைப் பிடிக்க கெயினை முழுதாகத் திருகினால் கூழாகிவிடும். நாங்கள் செய்வது இது: ஆம்பின் கெயினைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தி, முன்னால் இபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பச்சைப் பெடலை வைத்து, அதில் டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை உச்சத்திலும் வைப்பது. அந்தப் பெடல் அடிநாதத்தைக் கொஞ்சம் வெட்டி, நடுநாதத்தை முன்னே தள்ளி ஆம்புக்கு அனுப்புகிறது. பாம் மியூட் சட்டென்று இறுகிவிடும். மெட்டல் கிதார்க்காரர்களிடையே பல ஆண்டுகளாகப் பழகிப்போன வழி இது. எதிரொலிப் பெடல்கள் மட்டும் கரகரப்புக்குப் பின்னால் வரவேண்டும். அதற்காகத்தான் ஆம்பின் பின்னே எஃபெக்ட் லூப் என்ற துளைகள். கரகரப்பை ஆம்பிலேயே எடுப்பவர்களுக்கு அது தேவைப்படும், பெடலில் எடுப்பவர்களுக்குக் கட்டாயமில்லை.

நான் இப்போது வைத்திருப்பது பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50. டிரான்சிஸ்டர் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர், 12 கிலோவுக்குள் எடை. அதை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அதன் ஒலிகளின் எண்ணிக்கை அல்ல, பவர் சுவிட்ச். 0.5, 25, 50 என்று மூன்று நிலைகள். இரவில் வீட்டில் அரை வாட்டில் வைத்தால் மாஸ்டர் வால்யூமைத் தாராளமாக ஏற்றலாம், ஒலி உடம்போடு இருக்கும், பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு குடோனில் 50க்குத் தள்ளினால் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும். அதன் "க்ரஞ்ச்" நிலை பழைய ராக்குக்கும், "பிரௌன்" நிலை மெட்டலுக்கும் எனக்குப் போதும். சர்ச்சில் வாசிப்பவர்களுக்கு இன்னொரு வசதி, ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுக்கலாம். அந்தத் துளையில் ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். சாதாரண டிஸ்டார்ஷன் பெடலை நேராக சர்ச் மிக்ஸரில் செருகினால் தகர டப்பாவில் அடைத்த குளவி மாதிரி ஒலிக்கும். கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாவற்றையும் தானே வடிகட்டிவிடுகிறது, மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கர்களும் அதைச் செய்வதில்லை.

இந்த வாதத்தை அப்படியே நீட்டினால் ஆம்பே வேண்டாம், டிஜிட்டல் பெட்டி ஒன்று போதும் என்ற இடத்துக்கு வந்து சேரும். 2013 டிசம்பரில் மெட்டாலிகா அண்டார்டிகாவில் வாசித்தபோது பார்வையாளர்கள் ஹெட்ஃபோனில்தான் கேட்டார்கள். அவர்களுக்கே அது சாத்தியம் என்றால் நமக்கென்ன என்று கேட்கும் பையன்கள் உண்டு. மேடைகளில், வாசிப்பவர் தம் ஒலியைத் தாமே கேட்க நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் கிடைக்கும் என்றால் தாராளமாக அப்படியே செய்யலாம். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் மானிட்டர் கிடைப்பது அன்றைய சவுண்ட் சர்வீஸ்காரரின் மனநிலையைப் பொறுத்தது. முதுகுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு ஸ்பீக்கர் இருப்பது எனக்குத் தைரியம். எடையைப் பற்றியும் யோசியுங்கள். ஜேசி-120 போன்ற பெரிய ஆம்ப் 28 கிலோ. ஒலி அருமை; ஷேர் ஆட்டோவில் ஏற்ற முடியாது.

பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் எல்லாக் குமிழ்களையும் திருகிப் பார்க்கவேண்டும். கரகரவென்றால் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். கிதாரைச் செருகாமலே, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்த பிறகும் "உம்" என்ற உறுமல் நிற்கவில்லை என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் முடிந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். வால்வு ஆம்ப் என்றால் கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் அதன் வியாதிகள் வெளியே வரும்.

இப்போது எங்கள் இரண்டாவது கிதார்க்காரனின் வால்வு ஹெட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் ஆம்புக்கு, ஒரு ஸ்பீக்கர் பெட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது, சத்துவாச்சாரித் தச்சர் ஒருவரிடம். 18 மில்லிமீட்டர் பிளைவுட், வின்டேஜ் 30 ஒன்று, பின்பக்கம் முழுதாக மூடியது. பின்பக்கம் திறந்த பெட்டி அறை முழுக்க ஒலியைப் பரப்பும், பழைய ராக்குக்கு அது இனிமை. மூடிய பெட்டியில் அடிநாதம் இறுகி முன்னால் வந்து குத்தும், பாம் மியூட்டுக்கு அதுதான் வேண்டும். அதனால் பின்பலகையை இரண்டு பாகமாக, ஸ்க்ரூவில் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். "காற்றுக்கு நாலு ஓட்டை போடட்டுமா சார்?" என்று தச்சர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மேலே ஒட்டுவதற்கு சன்மைக்காவுக்குப் பதில் ராணிப்பேட்டையில் கிடைத்த கறுப்புத் தோல் துண்டு. ஸ்பீக்கர் 8 ஓம் என்பதால் ஹெட்டில் 8 ஓம் துளையில்தான் செருகவேண்டும். இணைப்புக்கு வயரிங் கடையில் வாங்கிய 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் போதும். கிதார் கேபிளை அங்கே செருகக்கூடாது; உள்ளேயிருக்கும் கம்பி மிக மெல்லியது, அந்த மின்னோட்டத்துக்கு அது செய்யப்படவில்லை.